போதும் என்று யார் சொல்வது?

மஞ்சக்குப்பத்தில் நம் தம்பியின் வீட்டிற்கு மாலை வேளையில் சென்றால், தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று தெருவரை வந்துவிட்டிருக்கும். ஆனால் முன்னறையின் ஒரு மூலையில் மட்டும் புழுக்கம் தணியாது. அங்கே ஒரு கணினிப் பெட்டி பக்கத் தகடு கழற்றப்பட்டு, உள்ளிருப்பவை எல்லாம் வெளியே தெரிய நிற்கும். அதற்கு நேரெதிரே ஒரு மேசை மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும். வீட்டாருக்கு அந்தக் காற்று வேண்டுமானால், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் தம்பி மகன் தன் ஆட்டத்தை முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். "பெட்டிக்கு விசிறி, பெத்தவளுக்கு வேர்வை" என்று அவன் தாய் சொல்வதுண்டு.

அந்தக் கணினி ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டது. அதனுள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு, சென்னை ரிச்சி தெருவில் பழைய பொருளாக ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கியது. என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்பது அதன் பெயர். 2016 அக்டோபரில் அது வெளிவந்தபோதே எளியவர்களுக்கான கார்டாகத்தான் வந்தது. அமெரிக்காவில் அதன் விலை 139 டாலர். அதே ஆண்டு மே மாதத்தில் வந்த அதன் மூத்த உடன்பிறப்பான 1080க்கு 599 டாலர். 1050 டிஐக்கு 75 வாட் மின்சாரம் போதும். அதைச் செருகியிருக்கும் பொருத்துவாயிலிருந்தே எடுத்துக்கொள்ளும், தனி மின்கம்பி வேண்டாம். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளுக்கு உயிர் கொடுக்க நாடெங்கும் இளைஞர்கள் இந்தக் கார்டைத் தேடியதன் காரணம் இதுவே.

இதைக் கொண்டு அவன் ஆட விரும்புவதோ, இதைவிடப் பன்மடங்கு வலிய கார்டுகளை மனத்தில் வைத்து ஆக்கப்பட்ட ஆட்டங்களை. முடியுமா என்று நாம் கேட்டோம். அதற்கு அவன் ஒரு மாலை முழுவதும் நமக்குப் பாடம் நடத்தினான். அறுபதைத் தொடும் வயதில் நமக்குப் புரிந்த அளவு இதுதான்.

திரையில் நாம் காணும் காட்சி, நொடிக்கு முப்பது முறையோ அறுபது முறையோ புதிதாய் வரையப்படுகிறது. 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் ஒவ்வொரு முறையும் 20,73,600 புள்ளிகளுக்கு வண்ணம் தீர்மானிக்க வேண்டும். அதை 1280க்கு 720 என்று குறைத்தால் 9,21,600 புள்ளிகள்தாம், பாதிக்கும் குறைவு. படம் சற்றே மங்கும். கார்டு மூச்சு விடும். இவ்வாறு ஒவ்வொன்றாய் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவன் ஒரு கணக்கு வைத்திருக்கிறான். முதலில் நிழல்களைக் குறைப்பானாம். மிகுந்த உழைப்பைத் தின்பவை அவை; ஓடுகிறவன் அவற்றை உற்றுப் பார்ப்பதில்லை. அடுத்து, நீரில் தெரியும் பிரதிபலிப்பு. பிறகு தொலைவில் அசையும் புல். ஆனால் சுவரின் கரடும் துணியின் இழையும் தெரிகின்ற அந்த மேற்பரப்பு நயத்தை மட்டும் கார்டின் நான்கு ஜிபி நினைவகத்தில் இடமிருக்கும்வரை விடமாட்டான். இடம் இருக்கும்வரை அதனால் வேகம் பெரிதும் குறைவதில்லையாம். இடம் நிரம்பிவிட்டாலோ ஆட்டம் தடுக்கித் தடுக்கி நின்றுவிடும். கடைசியாக, நொடிக்கு முப்பது படம் என்று ஓர் உச்சவரம்பு கட்டிவிடுவான். நாற்பத்தைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடையே துள்ளுவதைவிட முப்பதிலேயே நிலையாக நிற்பது கண்ணுக்கு இதம் என்பது அவன் அனுபவம்.

நாம் வியந்தோம். நம் காலத்தில் ஒரு குடும்பத் தலைவி மாதக் கடைசியில் மளிகைப் பட்டியலை வெட்டுவதற்கு இருந்த அறிவு இதுவன்றோ? அவ்வியப்பில் ஒரு தவறும் செய்தோம். அடுத்து வந்த ஒரு குடும்ப விழாவில், உறவினர் கூடியிருந்த இடத்தில், "இவனைப் பாருங்கள், புதிது வேண்டுமென்று ஒருநாளும் நச்சரித்ததில்லை. போதுமென்ற மனம் இவனுக்கு வாய்த்திருக்கிறது" என்று அவனைப் புகழ்ந்தோம். பிள்ளைகளைப் பெற்ற பலரும் தலையாட்டினர். அவன் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை கழுவும் இடத்தில் நம்மிடம் தணிந்த குரலில் கேட்டான்: "பெரியப்பா, எனக்குப் போதும்னு நான் எப்ப சொன்னேன்? இதுதான் இருக்கு. அதனால இப்படி வெச்சிருக்கேன்."

அந்தச் சொல் நம்மைப் பல நாள் விடவில்லை. தவக்காலத்தில் நாம் நோன்பிருக்கிறோம். நம் தெருக்கோடியில் ஒருவர் உணவின்றிக் கிடக்கிறார். இருவர் வயிறும் ஒன்றுபோல் காலியாகத்தான் இருக்கிறது. பட்டினி கிடப்பவரிடம் சென்று "நீர் நல்ல நோன்பாளி" என்று பாராட்டினால் அது எவ்வளவு பெரிய கொடுமை! சோறு முன்னால் இருந்தும் கையை மடக்கிக்கொள்பவருக்குத்தான் நோன்பு என்ற சொல் உரியது. போதும் என்னும் மனநிலையும் அப்படிப்பட்டதே. மேலும் பெற வழியுள்ளவன் தானே நிறுத்திக்கொள்ளும்போது அது அறம். வழியில்லாதவன் மீது அதைப் போர்த்துவது, நம் கடமையிலிருந்து நாம் தப்பிக்கும் வழியாகிவிடக்கூடும். அவனைப் புகழ்ந்த அன்று நம் சட்டைப் பையில் இருந்த கைப்பேசி வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. பழையது நன்றாகத்தான் வேலை செய்தது. நாம் யாரிடமும் போதும் என்று சொல்லவில்லை. நம்மிடம் யாரும் சொல்லவுமில்லை.

விளையாட்டுக் கருவிக்குப் போய் அறநெறி பேசுவதா என்று சிலர் கேட்கலாம். பக்கத்தில் மஞ்சக்குப்பம் மைதானம் இருக்க, இந்தப் பெட்டி எதற்கு என்றும் கேட்கலாம். அவன் தந்தை கேட்டுமிருக்கிறார். (அவன் அங்கும் போகிறான். மழை நாளில் எங்கே போவான்?) தூய தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டைப் பற்றித் தனியே வினா எழுப்பியிருக்கிறார். உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பது போல உள்ளத்துக்கும் வேண்டும். விளையாட்டில் அளவு மீறுவது குற்றம், விளையாட்டே வேண்டாமென இறுகிப்போவதும் குற்றம் என்பது அவர் முடிவு. அங்கே நற்செய்தியாளர் யோவானைப் பற்றிய ஒரு பழங்கதையையும் எடுத்தாளுகிறார். சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்த யோவானைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவரை அம்பு எய்யச் சொன்னார் யோவான். இப்படியே நிறுத்தாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றார் அவர். பொதுத்தேர்வு ஆண்டில் வீட்டில் ஒரு மாணவனை வைத்திருப்போருக்கு இக்கதைக்கு உரை தேவையில்லை.

இனி மற்றொரு பக்கம். ஆட்டங்களை ஆக்குவோர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 'குறைந்தபட்சத் தகுதி' என்று ஒரு பட்டியல் வெளியிடுகின்றனர். அதற்குக் கீழே உள்ள கார்டு வைத்திருப்பவர்களுக்கு வாசல் இல்லை. இந்தக் கோட்டை யார் போடுகிறார்கள், எங்கே போடுகிறார்கள் என்பதும் நம் வினாவின் ஒரு பகுதிதான். கோடு இயற்கை விதி போல ஒருவர் கையிலும் இல்லாததாகத் தோன்றும். ஆனால் அது நகர்கிறது. 2020 டிசம்பரில் வந்த 'சைபர்பங்க் 2077' ஆட்டத்தின் குறைந்தபட்சத் தகுதி, விற்பனைக்கு வந்து இரண்டரை ஆண்டு கழித்து, 2023இல் உயர்த்தப்பட்டது. மேல்நோக்கி மட்டுமே நகரும் என்றும் சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் வந்த 'ஆலன் வேக் 2', கார்டில் ஒரு புதிய வசதியை எதிர்பார்த்து ஆக்கப்பட்டதால், நம் பையனுடைய கார்டின் தலைமுறையில் மிக மெதுவாகவே ஓடியது. ஆனால் அதை ஆக்கிய ஃபின்லாந்து நிறுவனமான ரெமடி, 2024 மார்ச்சில் ஒரு திருத்தம் வெளியிட்டு அந்தப் பழைய தலைமுறையில் ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டியது. இயலாது என்று எண்ணியிருந்ததில் ஒரு பகுதி, யாரும் அதுவரை உழைக்காததால் விளைந்தது என்று அப்போது தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறைந்த புள்ளிகளில் வரைந்த படத்தைக் கணக்கின் துணையால் பெரிய படமாக்கும் உத்தி ஒன்று உண்டு. என்விடியா தன் உத்தியைத் தன் புதிய ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. அதன் போட்டியாளரான ஏஎம்டி 2021 ஜூனில் எஃப்எஸ்ஆர் என்ற தன் உத்தியை வெளியிட்டு, அடுத்த மாதமே அதன் மூல நிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. போட்டி நிறுவனத்தின் பழைய கார்டிலும் அது வேலை செய்தது. என்விடியா கார்டு வைத்திருக்கும் ஏழைப் பிள்ளைக்கு ஏஎம்டி உதவியது என்று இதைப் புனிதமாக்கிவிட வேண்டாம். அதில் வணிகக் கணக்கும் இருந்திருக்கும். 2025இல் எஃப்எஸ்ஆரின் நான்காம் பதிப்பு வெளிவந்தபோது, ஏஎம்டியும் அதைத் தன் புத்தம்புதிய கார்டுகளுக்கென்றே அறிவித்தது. எனினும், திறந்து வைத்த கதவு வழியே நம் வீட்டுப் பையன் சில ஆண்டுகள் நுழைந்து ஆடினான் என்பது உண்மை.

ஆக்குவோர் மீது பழியனைத்தையும் போடுவதும் நேர்மையாகாது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' ஆட்டமும் 2025 மே மாதத்தில் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' ஆட்டமும், ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் திறனுள்ள கார்டு இல்லாமல் ஓடா. அந்தத் திறன் இருந்தால் ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சத்தை முன்கூட்டியே தயாரித்து வைக்கும் பெரும் உழைப்பு மிச்சமாகிறது. என்விடியாவும் 1050 டிஐயின் தலைமுறைக்கு ஆட்டங்களுக்கான மென்பொருள் மேம்பாடுகளை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாகவும், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 அக்டோபர்வரை தருவதாகவும் அறிவித்தது. ஒன்பது ஆண்டு என்பது மின்னணுப் பொருளுக்குக் குறைந்த ஆயுள் அன்று. எந்தப் படகும் ஒருநாள் கரையேற்றப்பட வேண்டியதே. நம் உறுத்தல் வேறு: பழைய படகுக்காரனிடம் நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்?

ஒன்று சொல்லலாம் என்று நாமும் முயன்றோம். 'வெண்பா' என்றோர் ஆட்டம் 2023இல் வந்தது. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு ஆக்கியது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், கிழிந்தும் கறைபடிந்தும் போன தன் தாயின் சமையல் குறிப்பேட்டைக் கொண்டு சமைக்கிறாள். ஆடுபவர் அவளுக்குத் துணை செய்து, இட்லி தொடங்கி ஒவ்வோர் உணவாய் மீட்டெடுக்க வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் ஆட்டத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. இந்தப் பழைய கார்டில் அது தங்குதடையின்றி ஓடுகிறது; மின்விசிறிகூட வேண்டியதில்லை. ஒரே மாலையில் அவன் ஆடி முடித்தான். நம் தாயார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்க வேண்டும் என்று திரையிலிருந்தவளுக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறை அந்தப் பெட்டியின் முன் அமர்ந்தது அன்றுதான்.

வெற்றி பெற்றவர்போல் நாம் சொன்னோம்: "பார்த்தாயா, சின்ன கார்டுக்கும் எவ்வளவு நல்ல ஆட்டம் இருக்கிறது!" அவன் மறுக்கவில்லை. "ரொம்ப நல்லா இருந்துச்சு பெரியப்பா. ஆனா சின்ன கார்டு இருக்கிறவன் சின்னதா மட்டும்தான் ஆடணுமா?" என்றான். நமக்குப் பதில் வரவில்லை. ஏழைக்கு எளிய இன்பங்களே உகந்தவை என்று எவ்வளவு எளிதாக நாம் முடிவு கட்டிவிடுகிறோம்! எளிய இன்பம் உயர்ந்ததுதான். அதை ஒருவனுக்கு வேலியாக நட்டுவிட்டால் அதன் உயர்வை நாமே கெடுத்தவர்களாவோம்.

சென்ற மாதம் அவனை அழைத்து, உனக்கு என்ன வேண்டுமென்று நேராகவே கேட்டோம். மனத்துக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்ததை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். "ஒன்றும் வேண்டாம், அப்பாவுக்குச் செலவு வைக்க வேண்டாம்" என்று அவன் சொல்வான், நாம் நெகிழ்ந்துபோவோம், பணமும் மிஞ்சும். அவனோ ஒரு கணமும் தயங்காமல், "கார்டு வேணும் பெரியப்பா" என்றான். நம் முகம் சற்று வாடியது. வாடியதை உணர்ந்தபோது வெட்கமாக இருந்தது. அவனுடைய துறவை நாம் அவ்வளவு விரும்பியிருக்கிறோம்!

மறுநாள் ஒரு நோட்டுத்தாளில் கணக்கெழுதிக்கொண்டு வந்தான். 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் ஆறு ஜிபி வகை. கதிர்க்கணக்குத் திறன் உண்டு, 70 வாட், தனி மின்கம்பி வேண்டாம். புதியதின் விலை ஒரு பக்கம், பழையதின் விலை மறுபக்கம். தன் சேமிப்பு எவ்வளவு, தந்தை தரக்கூடியது எவ்வளவு, நம்மிடம் கேட்பது எவ்வளவு என்று மூன்று வரிகள். தேர்வு முடிந்த பிறகு வாங்கினால் போதுமென்று அடியில் தேதியும் போட்டிருந்தான். எதிர்வீட்டுச் சிறுவன் பழைய கார்டைக் கேட்டு வைத்திருக்கிறானாம். உப்புக்காற்றில் பிடித்த தூசியைத் துடைத்து, பசை மாற்றித் தர வேண்டுமாம்.

தாளைப் படித்துவிட்டு, வாங்குவதே வாங்குகிறோம், அந்த ஓட்டைப் பெட்டியையும் மாற்றிவிடலாமே என்று நாம் சொன்னோம். அவன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். மின்விசிறி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

"வேணாம் பெரியப்பா. பெட்டி இதுவே போதும்."