நட்டம் யாருடையது?

அரசுடைமையாயிருந்த ஓர் ஆலை தனியார் கைக்கோ கூட்டுறவின் கைக்கோ மாறும்போது, இனி அதன் உரிமையாளர் யார் என்றே நாம் முதலில் வினவுகின்றோம். ஆதாயம் யாருக்குச் சேரும் என்பதே அவ்வினாவின் உட்பொருள். ஆனால் உடைமை என்பதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. கெட்ட காலம் வரும்போது நட்டத்தைச் சுமப்பவர் யார்? அறத்தின் கண்கொண்டு நோக்கின், இந்த இரண்டாவது வினாவே முதன்மையானது எனத் தோன்றுகிறது. பெரு நாட்டு மீன்தூள் ஆலைகளின் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

பெருவின் கடலில் நெத்திலி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு மீன் கூட்டங்கூட்டமாய் வாழ்கிறது. அதனை அரைத்து, கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாகும் மீன்தூளையும் மீன் எண்ணெயையும் ஆக்குவதே அங்குப் பெருந்தொழில். ஒரு டன் தூளுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 டன் பச்சை மீன் வேண்டும். 1970-இல் பிடிபட்ட மீன் 1 கோடியே 20 இலட்சம் டன்னைத் தாண்டியது. அளவின்றிப் பிடித்ததும், 1972-இல் கடல்நீரைச் சூடாக்கிய எல் நினோவும் சேர்ந்து மீன்வளத்தை வீழ்த்தின. 1973-இல் பிடிபட்டது 20 இலட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. தனியார் நிறுவனங்கள் கடனில் மூழ்கின.

அந்த 1973-ஆம் ஆண்டிலேதான் தளபதி வெலாஸ்கோவின் இராணுவ அரசு ஆலைகளையும் படகுகளையும் எடுத்துக்கொண்டு ‘பெஸ்கா பெரு’ என்னும் அரசு நிறுவனத்தை அமைத்தது. மக்களின் சொத்து மக்களுக்கே என்று முழங்கப்பட்டது. ஆனால் மக்கள் கைக்கு முதலில் வந்து சேர்ந்தது வெறுமையான கடலும் நிறைந்த கடனுமே. 1976-இல் அடுத்து வந்த அரசு, படகுகளைச் சிறு நிறுவனங்களுக்கு விற்றது. எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த மீனவர்கள் அடக்கப்பட்டனர். 1990-களில், மீன்வளம் மீண்டும் பெருகி வந்த காலத்தில், புஜிமோரியின் அரசு ஆலைகளை ஒவ்வொன்றாகத் தனியாருக்கு விற்றது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். கடல் வற்றியபோது ஆலை எல்லாருக்கும் சொந்தமாயிற்று. கடல் நிறைந்தபோது சிலருக்குச் சொந்தமாயிற்று. நட்டம் பொதுவுடைமையாகவும் ஆதாயம் தனியுடைமையாகவும் முடிந்தது.

சிம்போத்தே நகரின் குடாவைப் பற்றியும் சொல்லவேண்டும். மீன்தூள் தொழிலின் தலைநகராய் விளங்கிய அவ்வூரில், ஆலைகள் பல்லாண்டுகளாய்க் கொட்டிய கழிவு கடலடியில் சேறாய்ப் படிந்துவிட்டது. தனியார் காலத்திலும் படிந்தது. அரசின் காலத்திலும் படிந்தது. மீண்டும் தனியார் காலத்திலும் படிந்தது. ஆலைகளும் இயந்திரங்களும் விலைபேசப்பட்டன. சேற்றை வாங்குவார் இல்லை. கரையில் வாழும் ஏழைக்கே அது உரித்தாயிற்று.

இதனால் அரசுடைமையே நன்று என்று முடிவுகட்டலாமா? அதுவும் நேர்மையாகாது. அரசின் ஆலையிலும் தொழிலாளி கூலியாளே. முடிவுகள் தொலைவிலிருந்த தலைநகரில் எடுக்கப்பட்டன. விற்பனைக்குப் பின் புதிய முதலீடும் வந்தது. 2008-இல் இயற்றப்பட்ட சட்டம், தொழில்முறைப் படகு ஒவ்வொன்றுக்கும் பிடிப்பளவைப் பங்கிட்டதால், முந்திப் பிடிக்கும் போட்டி தணிந்தது. ஆனால் படகின் கொள்ளளவையும் முன்பு பிடித்த அளவையும் கொண்டே பங்கு அளக்கப்பட்டது. எனவே பெரும் பங்கு பெரிய நிறுவனங்கள் சிலவற்றிடமே சேர்ந்தது. முன்பு ஆலை விற்கப்பட்டது. இப்போது கடலில் நீந்தும் மீனின் மீதே உரிமை வகுக்கப்பட்டது. இரத்தசோகையால் வாடும் குழந்தைகள் மிகுந்த நாட்டின் சத்துள்ள மீன், அயல்நாட்டுப் பண்ணைகளுக்குத் தீவனமாய்க் கப்பலேறுகிறது.

இதே சிம்போத்தேயில்தான், மீன்தூள் தொழில் கொழித்திருந்த 1968-இல், அருட்பணியாளர் குஸ்தாவோ குத்தியேரஸ் விடுதலை இறையியல் பற்றிய தம் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். உழைப்பைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் எழுதிய சுற்றுமடலும் நமக்கு ஒளி தருகிறது. தனியாரிடமிருந்து அரசுக்கு மாற்றுவதால் மட்டும் ஓர் உடைமை சமுதாயத்தின் உடைமையாகிவிடாது. உழைப்பவர் தாமும் அதன் பங்காளி என உணரவேண்டும் என்பது அதன் கருத்து. பெருவில் உரிமைப் பத்திரம் பலமுறை கைமாறியது. உழைப்பவரின் நிலை மாறவில்லை.

மாறாக, கனடாவின் நியூபவுண்ட்லாந்து அருகேயுள்ள ஃபோகோ தீவை நினைக்கலாம். வணிகர்கள் விலகிச்செல்ல, மக்களை வேறிடத்தில் குடியமர்த்த அரசும் முனைந்த வேளையில், தீவினர் 1967-இல் கூட்டுறவு அமைத்து மீன் பதப்படுத்தும் தொழிலைத் தாமே ஏற்றனர். 1992-இல் காட் மீன்பிடிப்புக்கு அரசு தடை விதித்தபோது பேரிடி விழுந்தது. கூட்டுறவு கலையவில்லை, நண்டுக்கும் இறாலுக்கும் மாறிப் பிழைத்தது. அவர்கள் பிறரினும் நல்லவர்கள் என்பதனால் அன்று. ஆலை மூடினால் தம் ஊரே காலியாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நட்டம் தம்முடையது என்றிருந்தவர்களே, முடிவும் தம்முடையதாகக் கொண்டிருந்தனர்.

கூட்டுறவு என்ற பெயரே காப்பு அன்று. சிலர் கைப்பற்றிய கூட்டுறவும் உண்டு. தொழிலாளரை மதிக்கும் தனியாரும் உண்டு. ஆயினும் எந்த உடைமை மாற்றத்தையும் உரசிப் பார்க்க ஓர் உரைகல் உளது. தொழில் நொடித்தால் ஊரைவிட்டுப் போக இயலாதவர் யாரோ, அவருடைய சொல்லுக்குக் கையெழுத்திடும் முன்னரே இடமுண்டா? இல்லையெனில், அங்கு நிகழ்வது உடைமையின் மாற்றமன்று. சுமையை ஏழையின் தோளிலேயே விட்டுவிட்டுச் சாவியை மட்டும் கைமாற்றுவதேயாகும்.