49 ஓட்டு

2016 மே மாதம் நான் சென்னையில் இருந்தேன், என் ஓட்டு நெரவியில் இருந்தது. தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் ஊரிலிருந்து ஒரு அண்ணன் போன் பண்ணினார். எங்கள் தெருவுக்கு அவர்தான் பூத் ஏஜென்ட். "தம்பி, பஸ் டிக்கெட் போட்டுத் தரவா?" கட்சிக் காசில் வந்து ஓட்டுப் போடமாட்டேன் என்றேன், கொஞ்சம் கெத்தாகவே. "அப்ப சொந்தக் காசுல வாங்க" என்றார். நான் போகவில்லை.

போகாததற்கு என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. பொருளியலாளர் அந்தோனி டவுன்ஸ் 1957-லேயே எழுதிவைத்த கணக்குதான். ஒரே ஒரு ஓட்டால் முடிவு மாறும் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். அதற்காகச் செலவழிக்கும் நேரமும் பணமும் பூஜ்யமல்ல. புதுச்சேரித் தொகுதிகள் சின்னவை, முப்பதாயிரம் ஓட்டு சொச்சம்தான். அப்படியும் கணக்கு எனக்குச் சாதகமாகத்தான் வந்தது. நான் போகாததால் எங்கள் தொகுதியில் எதுவும் மாறவுமில்லை.

மே 19 அன்று ராதாபுரம் முடிவு வந்தது. அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590, தி.மு.க.வின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49.

முதலில் அதை ஒரு எஞ்சினியராகத்தான் பார்த்தேன். லட்சத்துக்கு மேல் எண்ணுகிற இடத்தில் 49 என்பது பிழை எல்லைக்குள் வரும். எங்கள் வேலையில் இப்படி ஒரு அளவீடு வந்தால், 'இரண்டும் சமம், தெரியவில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவோம். சட்டமன்ற நாற்காலியில் 'தெரியவில்லை' உட்கார முடியாது. ஓட்டு சரிசமமாக வந்தால் என்ன செய்வது என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது: சீட்டுக் குலுக்க வேண்டும். எனக்கு அது நேர்மையான ஏற்பாடாகவே படுகிறது. குலுக்கல் சீட்டு தன்னை மக்கள் தீர்ப்பு என்று சொல்லிக்கொள்வதில்லை.

ஆனால் ராதாபுரம் பிழை எல்லை விவகாரமே இல்லை என்பது வழக்கைப் படித்தபோதுதான் புரிந்தது. அங்கே 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளியிருந்தார்கள். தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்கான ஓட்டு அது. உறுதிமொழிப் படிவத்தில் ஒரு அதிகாரி சான்றொப்பம் போட வேண்டும். இவற்றில் போட்டிருந்தவர்கள் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா இல்லையா என்பதுதான் தகராறு. ஊருக்கெல்லாம் விரலில் மை வைத்துவிட்டவர்களின் ஓட்டு, ஒரு கையெழுத்தால் நின்றுபோயிற்று. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றையும் கடைசி மூன்று சுற்று இயந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடியும்வரை முடிவு வெளியே வரவில்லை. 2021-ல் அப்பாவு ஜெயித்துச் சபாநாயகர் ஆனது வேறு கதை.

இரைச்சலுக்கும் விலக்கலுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றுவரை நான் யோசித்ததில்லை. இரைச்சலுக்குப் பெயர் கிடையாது. எந்தப் பக்கமும் சாயும், கூட்டிக் கழித்தால் தேறிவிடும். இந்த 203 பேருக்கும் பெயர் உண்டு, கையெழுத்து உண்டு. வித்தியாசம் 49-க்குப் பதில் 49,000 ஆக இருந்திருந்தால்? யாரும் நீதிமன்றம் போயிருக்க மாட்டார்கள். அநியாயம் அதே அளவுதான் இருந்திருக்கும். நெருக்கமான தேர்தல் தவறுகளை உண்டாக்குவதில்லை, வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். 1917-ல் அயர்லாந்தின் கிராமப்புறத் தொகுதியான தெற்கு லாங்ஃபோர்டில் ஒரு இடைத்தேர்தல். சின் ஃபெய்ன் வேட்பாளர் ஜோ மெக்கின்னஸ் இங்கிலாந்தில் சிறையில் இருந்தார். முதலில் எதிராளி ஜெயித்ததாகத்தான் பேச்சு. மறுபடி எண்ணி, 37 ஓட்டில் மெக்கின்னஸ் ஜெயித்தார். ஆயிரக்கணக்கில் தோற்றிருந்தால் அந்தக் கட்டுகளை யார் மறுபடி பிரித்திருப்பார்கள்?

அப்படியானால் என் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. முடிவை மாற்றினால்தான் ஓட்டுக்கு மதிப்பு என்றால், அந்த 203 பேருக்கு நடந்தது அநியாயமா என்று சொல்லவே எண்ணிக்கை முடியும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அப்படிக் காத்திருக்கத் தோன்றவில்லை, படித்தவுடன் கோபம் வந்துவிட்டது. அவர்களுக்காகக் கோபப்பட்ட நான், என் ஓட்டை நானே தள்ளுபடி செய்ததைக் கணிதம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பூத் ஏஜென்டுகளுக்கு டவுன்ஸைத் தெரியாது. யார் துபாயில், யார் சிங்கப்பூரில், யார் செத்தும் பட்டியலில் இருக்கிறார் என்று தெரியும். (காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் வேறு இருக்கிறார்கள், அவர்கள் ஓட்டு பாரிஸுக்கு.) போட்டி இறுக இறுக ஓட்டுக்குக் கொடுக்கும் காசும் ஏறும். ஒவ்வொரு ஓட்டுக்கும் மதிப்பு உண்டு என்று மனசார நம்புகிறவர்கள், அதை விலைக்கு வாங்க வருகிறவர்கள்தான் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த அண்ணனைவிட நான் யோக்கியன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் விலைபோகவில்லை, உண்மை. சும்மா தூக்கிப் போட்டுவிட்டேன்.

2021 ஏப்ரல் 6 அன்று சொந்தக் காசில் போனேன். பூத்துக்குத் தள்ளி, பந்தலுக்குக் கீழே அதே அண்ணன். டீ வேணுமா என்று கேட்டார். யாருக்குப் போடப்போகிறேன் என்று கேட்கவில்லை. பட்டியலைப் புரட்டி, அடிஸ்கேலை வைத்து, என் பெயர்மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.