சேமிப்பு எப்போது பற்றாகிறது?

ஸ்ரீமத் பாகவதத்தின் பதினொன்றாம் ஸ்கந்தத்தில், அவதூதர் ஒருவர் தமது இருபத்துநான்கு குருமார்களைப் பற்றி யது மன்னனிடம் கூறுகிறார். அவர்களுள் தேனீயும் ஒன்று. பூவுக்குப் பூ சென்று சிறிது சிறிதாகப் பெறுவதை அதனிடம் கற்ற அவதூதர், ஓர் எச்சரிக்கையையும் அதனிடமிருந்தே பெறுகிறார். சேர்த்து வைத்த தேனே தேனீக்கு அழிவைத் தேடித் தருகிறது. ஆகவே துறவி மாலைக்கென்றோ நாளைக்கென்றோ எதையும் சேர்த்து வைக்கலாகாது. பதஞ்சலி முனிவரும் ஐந்து யமங்களுள் ஒன்றாக அபரிக்கிரகத்தை வைத்துள்ளார்.

இவற்றைப் படிக்கும் இல்லறத்தாருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. குடும்பத்திற்காகச் சேமிப்பது குறையா? சேமிப்பு அனைத்தும் பற்றின் அடையாளம்தானா?

சேமிக்காமல் வாழவே இயலாத ஒரு நிலத்தில் இக்கேள்வியை வைத்துப் பார்ப்பது நல்லது. லடாக்கின் லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு ஆண்டு மழையளவு சுமார் 100 மில்லிமீட்டர் மட்டுமே. பனி உருகி வரும் ஓடை நீரை நம்பிப் பெரும்பாலான ஊர்களில் ஆண்டுக்கு ஒரு போகமே விளைகிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை இறங்குவதுண்டு. இன்று விமானத்தில் காய்கறிகள் வந்திறங்கினாலும், சிற்றூர்களில் வாழும் குடும்பங்கள் தங்கள் நிலத்தையே பெரிதும் நம்பியிருக்கின்றன.

பார்லி அறுவடை முடிந்ததும் கடைசியாகக் காய்கறிகளின் முறை வருகிறது. நிலம் உறைவதற்குள் உருளைக்கிழங்கு, டர்னிப், கேரட், முள்ளங்கி அனைத்தையும் எடுத்துவிட வேண்டும். உருளைக்கிழங்கை நிழலில் உலர்த்துவார்கள். வெயில் பட்டால் பச்சை நிறமேறிக் கசந்துவிடும். மற்றக் கிழங்குகளின் தழையை நீக்கி, கழுவாமல், மண்ணோடு மண்ணாக ஆழமான குழியில் அடுக்குவார்கள். மேலே பனி உறைந்து கிடந்தாலும் குழிக்குள் கிழங்கு உறையாது. கீரைகள் உலர்ந்து மூட்டைகளாகின்றன. அறுவடையான வயலில் கால்நடைகள் மேய்கின்றன; அவற்றின் சாணம் அடுத்த பருவத்திற்கு உரமாகிறது. ஜான்ஸ்கர் பகுதியில் மண்ணையும்கூடச் சேமித்து வைப்பார்கள். வசந்தத்தின் தொடக்கத்தில் வயலின் பனி மீது அதைத் தூவினால், கருநிற மண் வெயிலின் வெப்பத்தை ஈர்த்துப் பனியை விரைவில் உருக்கும்.

இந்தச் சேமிப்பைக் கூர்ந்து நோக்கினால், பதுக்கலிலிருந்து இது வேறுபடும் இடங்கள் புலனாகும்.

முதலாவது, இதற்கு அளவு உண்டு. குளிர்காலம் எவ்வளவு நீளமோ அவ்வளவே குழியின் ஆழம். அச்சத்தால் சேர்ப்பவனுக்கோ அளவே இல்லை. அச்சத்தின் வயிறு நிரம்புவதில்லை.

இரண்டாவது, இது பூட்டி வைத்து மறந்துவிடக்கூடிய செல்வமன்று. காயம்பட்ட கிழங்கைக் குழிக்குள் அனுப்பாமல் முதலிலேயே பயன்படுத்திவிட வேண்டும். அழுகிய கிழங்கு ஒன்று அருகிலிருப்பவற்றையும் அழுகச் செய்யும்.

மூன்றாவதே முக்கியமானது. அறுவடையில் மிகச் சிறந்த கிழங்குகளைக் குடும்பத்தார் உண்பதில்லை. டர்னிப்பும் கேரட்டும் விதைத்த ஆண்டில் பூப்பதில்லை. ஒரு குளிரைக் கடந்த பின்பே பூத்து விதை தருபவை. எனவே நல்ல கிழங்குகளைத் தனியே காத்து, வசந்தத்தில் மீண்டும் நட வேண்டும். பசி மிகும் பின்குளிர்காலத்தில் அவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ஆயினும் குடும்பத்தார் அவற்றின் உடைமையாளர்கள் அல்லர், காவலர்கள்.

இங்குதான் கடினமான கேள்வி எழுகிறது. அண்டை வீட்டாரின் குழி அழுகிப் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் வாசலில் வந்து நிற்கும்போது, விதையைக் காரணம் காட்டி மறுக்கலாமா? மறுக்கலாகாது. தம் உணவுப் பங்கைக் குறைத்துக்கொண்டு கொடுப்பதே அறம். தம் தட்டு குறையாதிருக்க விதையைச் சாக்காகச் சொல்வோர் அந்தக் கணத்திலேயே காவலர் நிலையிலிருந்து நழுவிப் பதுக்குவோராகிவிடுகின்றனர். உயிரே போகும் நிலை வந்தால் விதைக் கிழங்கும் உணவுதான். உயிரைக் காப்பதற்கன்றோ விதை! ஆனால் முதலில் குறைய வேண்டியது தம் பங்கு, விதையின் பங்கன்று. பற்றுக்கும் பொறுப்புக்கும் உள்ள வேறுபாட்டை இந்த வரிசையே காட்டிவிடுகிறது.

துறவியின் தர்மம் இதற்கு முரணானதா? அன்று. நாளைக்கென்று வைக்காத துறவியின் பிக்ஷைப் பாத்திரத்தில் விழும் உணவு, நாளைக்கென்று வைத்த ஓர் இல்லத்திலிருந்தே வருகிறது. லடாக்கின் மடாலயங்களையும் சுற்றியுள்ள ஊர்களின் களஞ்சியங்களே தலைமுறைகளாகத் தாங்கி வந்துள்ளன. ஒருவர் கையை வெறுமையாக வைத்திருக்கிறார். மற்றவர் கையைத் திறந்து வைத்திருக்கிறார். மூடிய கைதான் இருவருக்கும் விலக்கப்பட்டது.

வசந்தத்தில் நட்ட கிழங்கு பூக்கும்போது தேனீ மீண்டும் வருகிறது. தனித்து நிற்கும் ஒற்றை டர்னிப் செடி நன்கு விதை பிடிப்பதில்லை. அருகே வேறு செடிகளும் பூக்க வேண்டும், ஒன்றின் மகரந்தம் மற்றொன்றைச் சேர வேண்டும். அதைச் சுமந்து செல்வது தனக்கெனத் தேன் தேடும் அதே தேனீதான். தேனீ அறியாமல் செய்யும் இந்தத் தொண்டை மனிதன் அறிந்தே செய்ய முடியும். வீட்டில் சேர்ந்திருப்பவற்றுள் எது தன் பசிக்கு, எது பிறர் பசிக்கு, எது வருங்காலத்தின் விதை என்று பிரித்தறியும் இல்லறத்தாருக்குச் சேமிப்பும் ஒரு சாதனையே.