வந்து பாருங்க

எங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் காலை கான்ட்ராக்டர் போன் செய்தார். "சார், ஹால் பில்லர் ஒண்ணு சரியா வரல. நான் எதுவும் பூசல. நீங்க வந்து பாருங்க."

போனேன். பலகை பிரித்த தூணின் அடியில், முழங்கால் உயரத்துக்கு, ஜல்லி பல்லை இளித்துக்கொண்டு நின்றது. வைப்ரேட்டர் அடிவரை இறங்கவில்லை. பலகை இடுக்கு வழியே சிமென்ட் பாலும் ஒழுகியிருக்கிறது. பொந்துக்குள் விரலை விட்டேன், கம்பி தட்டுப்பட்டது. தூணில் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அந்த இடத்தில் காற்றுதான் இருந்தது.

ஒரு சட்டிக் கலவை, ஒரு கரணை, கால் மணி நேரம் போதும், அதை மூடிவிடலாம். அதன்மேல் பூச்சு, பட்டி, பெயின்ட். நான் சாகும்வரை எனக்குத் தெரிந்திருக்காது. அதை அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "உடைச்சுட்டு மறுபடி போடறேன் சார். இது என் செலவு" என்றார். பக்கத்தில் நின்ற கொத்தனாரின் முகம் சுண்டிப்போயிருந்தது. கான்ட்ராக்டர் அவரைத் திட்டவில்லை; "நேத்து நான் நின்னிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அன்று உடைந்தது ஒரு தூண். ஆனால் அதன்பிறகு மற்ற தூண்களைப் பற்றி நான் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. இதை நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். தவறு நடந்த இடத்தில் எப்படி நம்பிக்கை முளைத்தது?

வீடு கட்டும் தொழிலே மூடிக்கொண்டு போகும் தொழில். கடைக்காலை மண் மூடும். கம்பியைக் கான்கிரீட் மூடும். செங்கல்லைப் பூச்சு மூடும், குழாயை டைல்ஸ் மூடும். பணம் கொடுப்பவன் கண்ணுக்குக் கடைசியில் மிஞ்சுவது நிறமும் வழவழப்பும்தான். உயிரைத் தாங்கும் பகுதி முழுக்க மறைந்தே இருக்கிறது.

என் அப்பா கட்டிய வீட்டின் கதை வேறு. அதைக் கட்டியவர் இனிமையாகப் பேசுவார். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம் சார்" என்பார். ஜன்னலை இரண்டடி தள்ளச் சொன்னபோதும் அதே பதில், லாஃப்ட் கேட்டபோதும் அதே பதில். எதற்கும் விலை சொல்லவில்லை, எதையும் எழுதவில்லை. கடைசித் தவணையில் அத்தனையும் 'எக்ஸ்ட்ரா வேலை' என்ற பெயரில் ஒரே காகிதத்தில் வந்தன. அப்பா வாய் திறக்காமல் கொடுத்தார். முதல் ஐப்பசி மழையில் படுக்கையறைத் தளம் ஒழுகியபோது அந்த எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அப்பா அந்த ஒழுகலைவிட, எடுக்கப்படாத அந்தப் போனைத்தான் பல வருஷம் பேசினார்.

ஆனாலும் அந்த வீட்டைக் கட்டியவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இந்தத் தொழிலில் சனிக்கிழமை என்று ஒன்று இருக்கிறது. கொத்தனார், பெரியாள், சித்தாள், கம்பி கட்டுபவர் எல்லாருக்கும் அன்று சாயங்காலம் கூலி கைக்கு வந்தாக வேண்டும். வீட்டுக்காரர் "பேங்க்ல லோன் இன்னும் வரல, அடுத்த வாரம்" என்பார். சித்தாளின் அடுப்பு அடுத்த வாரம்வரை காத்திருக்காது. அப்போது புது வேலைக்கு வாங்கிய அட்வான்ஸிலிருந்து பழைய வேலையின் கூலி போகிறது. அந்தப் புது வேலையின் சிமென்டுக்கு மூன்றாவது வீட்டின் பணம். முதல் பொய் பெரும்பாலும் இப்படி ஒரு சனிக்கிழமையில்தான் பிறக்கிறது. தவணையை நாள் தவறாமல் கொடுக்காத வீட்டுக்காரருக்கும் அதில் பங்கு உண்டு. இதை நாம் ஒத்துக்கொள்வதே இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் அதைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். அதற்குப் பிறகு 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கட்டுமானக் குறை 5 ஆண்டுக்குள் தெரிந்தால் கட்டி விற்றவரே காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும் என்கிறது. ஆனால் நம் மனையில் நமக்கென ஒரு வீடு கட்டித் தருபவர் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள் வருவதில்லை. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம். போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். ஆனால் தளத்துக்குப் பத்து நாள் தண்ணீர் நின்றதா, ஏழாம் நாளே பாத்தி காய்ந்துவிட்டதா என்பதை எந்த நீதிமன்றத்தாலும் அந்த நேரத்தில் எட்டிப்பார்க்க முடியாது. அங்கே இருப்பது கட்டுபவர் ஒருவர்தான்.

பொறுப்பு என்ற சொல்லுக்குள் 'பொறு' இருக்கிறது. பொறுத்தல் என்றால் சுமத்தல். கேட்டபிறகு பதில் சொல்வதைத்தான் நாம் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தூணைக் காட்டிய அந்தக் காலையில் என் கான்ட்ராக்டரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்விகூட இல்லை. கேட்கத் தெரியாதவன் நான். எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது, அந்தத் தெரிதலை அவரால் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. இரவில் நான் குடும்பத்தோடு படுத்துத் தூங்குவது தளத்துக்குக் கீழே மட்டுமல்ல. வேறொரு மனிதர் அறிந்து, மறைக்காமல் விட்ட ஒன்றுக்குக் கீழே.

வீடு குடிபுகுந்து ஏழு வருஷம் ஆகிறது. கணக்கு தீர்ந்து, கிரகப்பிரவேசத்தில் வேட்டி துண்டு வாங்கிப் போனவர், ஒவ்வோர் ஐப்பசியிலும் முதல் பெருமழை விட்டதும் வருகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மொட்டைமாடிக்கு ஏறுகிறார். தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் அடைத்த வேப்பிலைச் சருகைக் கையால் அள்ளிப் போடுகிறார். கைப்பிடிச் சுவரோரம் குனிந்து பார்த்தபடி மெல்ல நடக்கிறார். இந்த வருஷம் ஒரு மூலையில் நின்று குரல் கொடுத்தார்: "சார், இங்க முடி மாதிரி ஒரு கோடு தெரியுது. வந்து பாருங்க."

படியேறிப் போனேன்.