காற்றில் வாசித்தவன்

கடந்த 2025 ஜூன் மாதக் கச்சேரியில் நான் 73 கட்டங்களை வாசிக்கவில்லை. கட்டம் என்று நான் சொல்வது, இசைத்தாளில் செங்குத்துக் கோடு போட்டுப் பிரித்திருப்பார்களே, அந்தச் சிறு பகுதியை. அந்த இடங்கள் வரும்போதெல்லாம் என் வில் மற்றவர்களின் வில்லோடு சேர்ந்து மேலே போனது, கீழே வந்தது. இடது கை விரல்களும் ஓடின. ஆனால் வில் கம்பியைத் தொடவில்லை. ஒரு நூல் இடைவெளி. அரங்கத்தில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அது தெரிய வாய்ப்பில்லை.

கச்சேரி முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்து குனிந்து நன்றி சொன்னேன். லாபுவிலிருந்து கம்யூட்டர் ரயில் பிடித்து வந்திருந்த அம்மா வெளியே காத்திருந்தார். "நல்லா வாசிச்சப்பா. உன் கையையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அந்த இரண்டு வாக்கியங்கள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நான் அம்மாவை ஏமாற்றினேனா? எழுபது பேர் சேர்ந்து செய்யும் ஒரு காரியத்தில் ஒருவன் செய்வதுபோல் நடித்தால் அது பொய்யா, அடக்கமா, இல்லை வெறும் ஏற்பாடா?

முதலில் கொஞ்சம் பின்னணி. லாபு என்றால் பலருக்கும் 2009-ல் அறிவித்த சூட்டோடு கைவிடப்பட்ட விமான நிலையத் திட்டம்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது தோட்டம். என் பாட்டி காலத்தில் பால்மரம், இப்போது செம்பனை. அங்கே இசை என்றால் கோயில் திருவிழாவுக்கு உறுமி மேளம், கல்யாணத்துக்கு நாதஸ்வரம், மற்ற நாளெல்லாம் வானொலி. வயலினை நான் கையால் தொட்டது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் போன பிறகு, இருபது வயதில். அங்கிருந்த மாணவர் இசைக்குழுவில் கருவி இரவல் கொடுத்தார்கள், சேர்ந்துவிட்டேன். வேலைக்குப் போன பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சமூக இசைக்குழுவில் இடம் கிடைத்தது. அதில் யாருக்கும் சம்பளம் கிடையாது. கணக்காளர், பல் மருத்துவர், பள்ளி மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் எனக் கலவையான கூட்டம். வியாழன் இரவுதான் ஒத்திகை.

ஆண்டின் நடுவில் நாங்கள் நடத்துவதைக் 'கோடைக் கச்சேரி' என்று அழைக்கிறோம். நம் நாட்டில் கோடை ஏது? பால்மரம் இலை உதிர்க்கும் மாதங்களும், டுரியான் விழும் மாதங்களும், பள்ளி விடுமுறையும்தான் நமக்குப் பருவங்கள். கோடைக் கச்சேரி என்பது வடக்கிலிருந்து வந்த பழக்கம். லண்டனில் 1895 ஆகஸ்டில் குவீன்ஸ் ஹால் அரங்கில் தொடங்கிய 'ப்ராம்ஸ்' இன்றும் ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. நின்றுகொண்டே கேட்க ஒரு ஷில்லிங் கட்டணம் வைத்தார்கள். பணமும் கோட்டும் இல்லாதவனும் உள்ளே வரட்டும் என்பதுதான் எண்ணம். எங்கள் குழுவும் அந்த எண்ணத்தைத்தான் கடன் வாங்கியிருக்கிறது. கேட்பவர்களுக்கு மட்டும் இல்லை, வாசிப்பவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. அதனால்தான் என்னைப்போல ஒருவன் உள்ளே இருக்கிறேன்.

இந்த ஆண்டு டிவோர்ஷாக்கின் எட்டாம் சிம்பொனி. 1890-ல் பிராகாவில் அரங்கேறியது. கசாப்புக் கடையும் சத்திரமும் நடத்தியவரின் மகன் அவர். புகழ் பெறுவதற்கு முன் பல ஆண்டுகள் ஒரு நாடக அரங்கின் குழுவில் வியோலா வாசித்தார். அதாவது கூட்டத்தின் நடுவில், யாரும் தனியாகக் கேட்காத குரலாக உட்கார்ந்திருந்தவர். நான்காம் பகுதி எக்காளத்தில் தொடங்கி, செல்லோக்களின் அமைதியான மெட்டாக மாறி, பிறகு திடீரென்று குதிரைபோல் ஓடத் தொடங்கும். என் 73 கட்டங்களில் பெரும்பாலானவை அந்த ஓட்டத்தில்தான் இருக்கின்றன.

வில்லைக் காற்றில் ஓட்டுவது என் கண்டுபிடிப்பு இல்லை. பயில்முறைக் குழுக்களில் இது சகஜம். எங்கள் வரிசைத் தலைவரே முதல் வாரம் சொன்னார்: "வழி தவறினா நிறுத்தாத, சத்தமும் போடாத. எங்க வில்லு போற பக்கம் உன் வில்லும் போகட்டும். புடிபட்டதும் சேர்ந்துக்க." தவறான சுரம் மற்றவர்களையும் கெடுக்கும் என்பதால் அது நல்ல அறிவுரைதான்.

நான் பொறியாளன் என்பதால் கணக்கும் போட்டேன். எங்கள் இரண்டாம் வயலின் வரிசையில் பத்துப் பேர். பத்துப் பேரும் ஒரே அளவு ஒலி எழுப்புவதாக வைத்துக்கொண்டால், ஒருவர் நிறுத்தும்போது குறைவது சுமார் 0.46 டெசிபல். ஒரு டெசிபல் மாறினாலே நம் காது சிரமப்பட்டுத்தான் கண்டுபிடிக்கும். ஆக நான் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் கேட்பவருக்கு ஒன்றுதான். தப்பாக வாசித்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். எனவே வாசிக்காமல் இருப்பதே நியாயம். கணக்கு முடிந்தது.

ஆனால் இந்தக் கணக்கை நாம் சின்ன வயதிலேயே வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். ராஜா வெட்டிய குளத்தில் ஊரார் ஆளுக்கொரு செம்பு பால் ஊற்ற வேண்டும். இருட்டில் ஒருவன் நினைக்கிறான், இத்தனை பாலில் என் ஒரு செம்புத் தண்ணீரா தெரியப்போகிறது? விடிந்து பார்த்தால் குளம் முழுக்கத் தண்ணீர். என் 0.46 டெசிபல் அந்தச் செம்புதான். வரிசையில் பத்துப் பேரும் என்னைப்போலக் கணக்குப் போட்டால் பத்து வில்களும் அழகாக ஒரே திசையில் ஆடும், சத்தம் மட்டும் வராது.

டெரக் பார்ஃபிட் என்ற தத்துவவாதி 1984-ல் எழுதிய 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் இதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். பாலைவனத்தில் பத்தாயிரம் பேர் தாகத்தில் தவிக்கிறார்கள். இங்கே பத்தாயிரம் பேரிடம் ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீர் இருக்கிறது. எல்லாரும் ஒரே வண்டியில் ஊற்றினால் அது எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படும். என் குவளையால் எந்த ஒருவருக்கும் கிடைப்பது, உணர முடியாத ஒரு சொட்டு. அதனால் நான் ஊற்றாமல் விடலாமா? கூடாது, உணர முடியாத விளைவும் விளைவுதான், சேர்ந்து செய்வதைச் சேர்த்துத்தான் எடை போட வேண்டும் என்கிறார்.

எங்கள் தோட்டத்தில் 'பால்' என்றால் ரப்பர் பால்தான். அதனால் குளத்துக் கதையைப் பாட்டி சொன்னபோது எனக்கு வேறு படம்தான் மனதில் வந்தது. பால் மரத்தில் பால் குறையும் மாதங்களில் வாளியில் கொஞ்சம் தண்ணீர் கலப்பவர்கள் உண்டு என்று பாட்டியே சொல்லியிருக்கிறார். "நீங்க கலந்தீங்களா பாட்டி?" என்று கேட்டால் சிரிப்பார். கலந்தால் பிடிக்க மெட்ரோலாக் என்றொரு மிதவைக் கருவி இருந்தது. ரப்பர் தண்ணீரைவிட லேசானது. தண்ணீர் கலந்தால் பாலின் அடர்த்தி கூடும், மிதவை மேலே எழும்பிக் காட்டிக்கொடுக்கும். கிராணி ஒவ்வொரு வாளியாக நிறுத்து, ஒவ்வொரு பெயராக எழுதுவார். தோட்டம் யாரையும் கூட்டத்துக்குள் ஒளிய விட்டதில்லை.

என் பக்கத்து நாற்காலியில் வாசிப்பவர் ஓய்வுபெற்ற சீன ஆசிரியை. நான் அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேருக்கும் ஒரே ஸ்டாண்டு, தாள் திருப்புவது என் வேலை. ஒரு வியாழக்கிழமை இடைவேளையில் அவர் சீனப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழங்கதையைச் சொன்னார். ஹான் ஃபெய் என்ற பண்டைய சிந்தனையாளரின் நூலில் வருவது. ச்சி நாட்டு அரசர் சுவானுக்கு, யூ என்ற ஊதுகருவியை முந்நூறு பேர் சேர்ந்து வாசித்தால்தான் பிடிக்கும். நான்குவோ என்பவனுக்கு வாசிக்கவே தெரியாது. கூட்டத்தோடு நின்று ஊதுவதுபோல் நடித்துச் சம்பளம் வாங்கினான். அரசர் இறந்தார். மகன் மின் பட்டத்துக்கு வந்தான். அவனுக்கு ஒவ்வொருவராகத் தனியே வாசிக்கக் கேட்கத்தான் விருப்பம். நான்குவோ ஓடிப்போனான்.

டீச்சர் என்னைக் குத்திக்காட்டவா சொன்னார் என்று அப்போது தெரியவில்லை. எனக்கு அந்தக் கதையில் மின் அரசனைப் பிடிக்கவில்லை. அவன் கிராணி மாதிரி. ஒவ்வொருவராக வாசிக்கவைத்தால் பொய் போய்விடும், உண்மைதான். ஆனால் முந்நூறு பேர் சேர்ந்து எழுப்பும் அந்த ஒலியும் போய்விடுமே. சேர்ந்து செய்யும் காரியத்தில் கொஞ்சம் நம்பிக்கையை இருட்டில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

அதே நேரம் எங்கள் கோயில் திருவிழாவும் நினைவுக்கு வருகிறது. ரதத்தின் வடத்தைப் பிடிக்க ஐம்பது பேர் இருப்பார்கள். அதில் ஒரு தாத்தா, நடக்கவே தள்ளாடுவார், வடத்தின் மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டு வருவார். அவர் இழுக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை, "தாத்தாவுக்கு இடம் விடுங்கடா" என்றுதான் கத்துவார்கள். நானும் அவரும் செய்தது ஒன்றுதானே? இருவர் கையும் வேலை செய்யவில்லை. ஆனால் தாத்தாவின் கை எதையும் மறைக்கவில்லை. என் கை மறைத்தது. அவரால் முடியாது என்பது ஊருக்கே தெரிந்த செய்தி. என்னால் முடியாது என்பது என் ரகசியம். குற்றம் சத்தம் வராததில் இல்லை, விரல்களையும் சேர்த்து ஓட்டினேன் பாருங்கள், அதில் இருக்கிறது.

இதற்கு நேரெதிரான ஒரு குழுவும் இருந்தது. இங்கிலாந்தில் 1970-ல் கவின் ப்ரையர்ஸ் தொடங்கிய போர்ட்ஸ்மவுத் சின்ஃபோனியா. இசை தெரியாதவர்களும், தெரிந்தாலும் பழக்கமில்லாத கருவியை எடுத்துக்கொண்டவர்களும் அதில் சேரலாம். ஒத்திகைக்கு வர வேண்டும், முடிந்தவரை சரியாக வாசிக்க முயல வேண்டும், வேண்டுமென்றே கோமாளித்தனம் செய்யக்கூடாது. 1974-ல் ராயல் ஆல்பர்ட் அரங்கிலேயே வாசித்தார்கள். பதிவுகளைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதில் ஒருவர்கூடக் காற்றில் வாசிக்கவில்லை என்று தோன்றும். எல்லாச் சுரமும் தப்பு, எல்லாம் நேர்மை. அப்படி வாசிக்க எனக்குத் தைரியம் இல்லை. அதோடு டிவோர்ஷாக்கைக் கேட்க வந்த அம்மாவுக்கு அந்த நேர்மையைப் பரிமாறுவதும் நியாயம் இல்லை.

கச்சேரிக்கு அடுத்த வியாழன் நான் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். நான்காம் பகுதியில் பல இடங்களில் நான் வாசிக்கவில்லை என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும். உன் பக்கம் சத்தம் நின்னா நான் கொஞ்சம் அழுத்தி வாசிப்பேன். நம்ம ஸ்டாண்டு காலியா கேக்கக்கூடாதுல்ல."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு வழக்கம்போல வலது மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டார். அந்தத் தைல வாசனையை ஆறு மாதமாகச் சுவாசித்துக்கொண்டு அதே ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு வயதாகிறது, அதனால் வலிக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். வலிக்கு நான் மட்டும் காரணம் இல்லைதான். ஆனாலும் ஒரு பங்கு என்னுடையது.

என் கணக்கில் எங்கே பிழை என்று அப்போது புரிந்தது. நான் 0.46 டெசிபலை அரங்கத்தின் கடைசி வரிசையிலிருந்து அளந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஒருவன் இல்லாதது கேட்காது. ஏன் கேட்காது? பக்கத்தில் இருப்பவர் அதை ஈடுகட்டிவிடுகிறார். பார்ஃபிட்டின் பத்தாயிரம் பேருக்குப் பக்கத்து நாற்காலி கிடையாது, எல்லாரும் ஒரே வண்டியில் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். நிஜத்தில் நாம் விட்டது பொதுவில் கரைவதில்லை. அது ஒரு குறிப்பிட்ட ஆளின் மேல் போய் விழுகிறது. தோட்டத்தில் ஒருவர் பெரட்டுக்கு வராவிட்டால் அவர் நெரையை யார் வெட்டுவார்கள் என்பது பாட்டிக்கு நன்றாகத் தெரியும். அது 'தோட்டம்' இல்லை, பக்கத்து நெரைக்காரி.

இதிலிருந்து பெரிய தீர்வு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. வரிசைத் தலைவரின் அறிவுரை இன்னும் சரி என்றே நினைக்கிறேன். வழி தவறினால் அமைதியாக இருப்பது பொய் ஆகாது. ஆறு மாதம் கையில் இருந்தும், இங்கே ஒளிந்துகொள்ளலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்து பயிற்சியை விட்டேனே, அதுதான் தண்ணீர் கலந்த பால். இப்போது என் இசைத்தாளில் முடியாத கட்டங்களைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே தாள் என்பதால் டீச்சருக்கும் அது தெரியும். சில இடங்களில் அவரே நான்கு சுரங்களுக்குப் பதில் இரண்டை எழுதிக் கொடுத்தார். வட்டம் போட்ட இடத்தில் நான் நிறுத்தினால் அவர் அழுத்த வேண்டியதில்லை என்று பேசிவைத்திருக்கிறோம். தாத்தா வடத்தில் கை வைத்ததுபோல, ஊருக்கு இல்லாவிட்டாலும் ஒருவருக்காவது தெரிந்த அமைதி அது. 73-இல் இன்றைக்கு 40 கட்டங்கள் வாசிக்க வருகின்றன. மெதுவான வேகத்தில்தான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அன்று ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது, "நம்ம ராஜா லண்டன்ல போய் செஞ்சாரே, அதுவும் இதுதானா?" என்று கேட்டார். மார்ச் 8-ஆம் தேதி இளையராஜாவின் சிம்பொனி அங்கே அரங்கேறியதைச் செய்தியில் பார்த்திருக்கிறார். "அதேதாம்மா, அவர் எழுதினாரு, ராயல் ஃபில்ஹார்மோனிக் குழு வாசிச்சாங்க" என்றேன். "அப்ப நீ வாசிக்கிற ஆளு" என்றார் பெருமையாக. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அதுவும் வில் கம்பியில் படாத ஒரு ஆமாம்தான்.

அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். நான் எழுதுவதையெல்லாம் கைப்பேசியில் பெரிய எழுத்தாக்கிப் படிப்பார். இதையும் படிப்பார். நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் இங்கே எழுதுகிறேன் என்பதும் அவருக்குப் புரிந்துவிடும். அடுத்த கச்சேரி டிசம்பரில். அம்மா, நீங்க வந்தா என் கையையும் பாருங்க, பக்கத்துல டீச்சர் கையையும் பாருங்க.