காடும் வீடும் தீயும்: ஓர் அறவியல் நோக்கு

தான் வாழும் இடத்தைத் தானே தெரிந்தெடுத்தல் மனிதனின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. ஊர்விட்டு ஊர் பெயர்தலும், நகரின் இரைச்சலை வெறுத்துக் காட்டின் அமைதியை நாடுதலும் அவ்வுரிமையின் வெளிப்பாடுகளே. ஆயின், தெரிந்தெடுத்த இடமே உயிருக்கு ஊறு விளைக்கக்கூடியதாக இருக்குமிடத்து, அவ்வுரிமை எத்துணைத் தூரஞ் செல்லும் என்னும் வினா எழுகின்றது. ஆற்றங்கரையில் வாழ்வோரிடத்து வெள்ளமும், எரிமலையடியில் வாழ்வோரிடத்துத் தீக்குழம்பும் இவ்வினாவை எழுப்பும். அடர்ந்த காட்டினுள்ளே வீடமைத்து வாழ்வோரிடத்து அதனை எழுப்புவது காட்டுத்தீ. எரிமலையை மனிதன் மூட்டுவதில்லை. காட்டுத்தீயையோ அவன் தன்னோடு கொண்டுசெல்லவுங் கூடும். தான் வாழ்தலாலேயே தன்னைச் சூழ்ந்த ஆபத்தை அவன் பெருக்குகின்றான். ஆதலின் இவ்வினா ஏனையவற்றினுஞ் சிக்கலானது.

இதனை வெறுங் கோட்பாடாக நோக்குவதிலும் ஒரு நாட்டின் பட்டறிவினூடாக நோக்குதல் பயனுடைத்து. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் அதற்கு ஏற்ற களமாகும். 1939 ஜனவரி 13ஆம் நாள் அம்மாநிலத்தில் மூண்ட தீ 71 உயிர்களைக் கொண்டது. காட்டினுள்ளேயே மரம் அரியும் ஆலைகளை அமைத்து, அவற்றைச் சூழக் குடும்பங்களோடு தங்கியிருந்த தொழிலாளர் பலர் அன்று மாண்டனர். 1983 பெப்ரவரி 16இல் விக்டோரியாவிலும் அயலிலுள்ள தென் அவுஸ்திரேலியாவிலுமாக 75 பேர் இறந்தனர். 2009 பெப்ரவரி 7ஆம் நாள், பின்னர் ‘கறுப்புச் சனி’ எனப் பெயர்பெற்ற அந்நாளில், மெல்பேர்ண் நகரின் வெப்பம் 46.4 பாகை செல்சியசை எட்டியது. அன்றைய தீயினால் விளைந்த இறப்புகள் 173. அழிந்த வீடுகள் இரண்டாயிரத்துக்கு மேல். மெல்பேர்ணுக்கு வடக்கே மேட்டுநிலத்திலுள்ள கிங்லேக், காடுசூழ் மலையடியிலுள்ள மேரிஸ்வில் என்னும் ஊர்களின் பெயர்கள் உலகெங்கும் அறியப்பட்டது இவ்வாறே. மேரிஸ்வில்லில் எஞ்சிய கட்டடங்கள் மிகச் சில.

இவ்வூர்களை மக்கள் ஏன் நாடினர்? அவற்றைச் சூழ்ந்துள்ள காட்டின் பேரழகே முதற் காரணம். ‘மவுண்டன் ஆஷ்’ எனப்படும் மரம் அக்காடுகளின் அரசு எனத்தகும். இலங்கையின் மலையகத்திலே தேயிலைத் தோட்ட ஓரங்களில் நடப்பட்டுள்ள யூக்கலிப்டஸ் மரங்களின் இனத்தைச் சேர்ந்த இது, நூறு மீற்றர் அளவுக்கு உயர்ந்து, பூக்குந் தாவரங்கள் யாவற்றினும் நெடியதாய் நிற்பது. இம்மரத்தின் வாழ்க்கைமுறை சிந்தனைக்குரியது. கடுந்தீயை இது தாங்குவதில்லை, எரிந்து மடிகின்றது. ஆனால், அதன் உச்சியிலுள்ள காய்கள் தீயின் வெம்மையால் உலர்ந்து வெடித்து, விதைகளைச் சாம்பற் படுக்கையிற் சொரிகின்றன. நிழல் நீங்கிய நிலத்தில் வெயிலுங் கிடைக்க, ஒரே காலத்தில் முளைத்த கன்றுகள் ஒரே உயரத்தினவாய் ஓங்கி வளர்கின்றன. தீயே வாராத காட்டில் இம்மரம் தன் சந்ததியைப் பெருக்குதல் அரிது. மாறாக, கன்றுகள் போதிய விதை தரும் பருவத்தை அடைய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செல்லுமாதலின், அதற்குள் இன்னொரு தீ வருமாயின் அவ்விடத்தில் அக்காடே இல்லாதொழியும்.

எனவே, 2009இல் அம்மலைகளில் வாழ்ந்தோர் கண்டு களித்த நெடுமரச் சோலைகளுட் பல, 1939ஆம் ஆண்டின் தீ ஈன்ற பிள்ளைகளே. அவர்கள் எந்த அழகை நாடிச் சென்றனரோ, அந்த அழகும் எந்தத் தீயை அஞ்சினரோ அந்தத் தீயும் தாயும் மகவும் போல்வன. காட்டை வேண்டுவோர் தீயை மட்டும் வேண்டாமெனத் தள்ளுதல் இயலாது. பழந்தமிழர் திணைப் பகுப்பிலே பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கப்படாமையை இங்கு நினைவுகூரலாம். வேனிலின் கொடுமையால் முல்லையுங் குறிஞ்சியுந் தம் இயல்பு கெடும்போது பாலை தோன்றுகின்றது என்பது சிலப்பதிகாரங் காட்டும் கருத்து. ஆபத்து ஓரிடத்திலே நிலையாக இருப்பதன்று; நல்லிடமொன்று குறித்த காலத்தில் அடையும் நிலையே அது என்னும் தெளிவு இக்கருத்தில் உண்டு. ஆண்டின் முந்நூறு நாட்களிற் குளிர்நிழல் தரும் காடு, வேனிலின் சில நாட்களில், அவற்றுள்ளும் சில மணிநேரத்தில், உயிர் வாழவொண்ணா இடமாகின்றது. அச் சில மணிநேரத்தை முன்னிட்டு ஏனைய நாட்களைத் துறக்க வேண்டுமா என்பதே காட்டு வாழ்வினரின் வினா.

இவ்வினாவுக்கு விக்டோரியா மாநிலம் நெடுங்காலமாக அளித்துவந்த விடை, ‘ஆயத்தஞ் செய்க, நின்று காக்க, அன்றேல் நேரகாலத்தோடு நீங்குக’ என்பதாகும். 1983ஆம் ஆண்டின் தீயின் பின் நிகழ்ந்த ஆய்வுகள் இதற்கு வலுவூட்டின. வீடுகள் பெரும்பாலும் தீச்சுவர் மோதி எரிவதில்லை. காற்றில் வரும் தணற்பொறிகள் கூரையிடுக்கிலும் தாழ்வாரத்திலுந் தங்கிப் பற்றுவதாலேயே எரிகின்றன. உடல்வலியும் ஆயத்தமும் உடையோர் உள்ளே நின்றால் அவற்றை அணைத்துவிடலாம். இறுதி வேளையில் தெருவில் ஓடுவோரே பெரிதும் மடிகின்றனர். எனவே, உண்மையை அறிவித்துவிட்டு முடிவை அவரவரிடம் விடுதல் வேண்டும் என்பது அக்கொள்கையின் சாரம்.

இதன் பின்னணியிலுள்ள மெய்யியலை அறிதல் கடினமன்று. 1859இல் வெளிவந்த ‘சுதந்திரம் பற்றி’ என்னும் நூலில் ஜோன் ஸ்டூவர்ட் மில், பழுதுற்ற பாலமொன்றைக் கடக்க முற்படும் ஒருவனை உதாரணமாகக் காட்டுகின்றார். ஆபத்தை அவன் அறியானாயின், அறிவித்தற்கு நேரமும் இல்லையாயின், அவனைப் பற்றி நிறுத்துதல் தகும். அவனோ பாலத்தில் வீழ விரும்புபவன் அல்லன். ஆயின், ஆபத்து உறுதியானதாக இல்லாது, நேரக்கூடியதாக மட்டும் இருக்குமிடத்து, அதனை எடுத்துரைத்தபின் முடிவு அவனுடையதே. காட்டில் வாழ்வோன் பாலத்தின்மேல் நிற்பவனை ஒத்தவன். அரசின் கடமை எச்சரித்தலோடு முடிந்துவிடும். தனிமனிதனின் கண்ணியத்தைப் பேணும் இக்கருத்து எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று.

எனினும், 2009ஆம் ஆண்டின் தீ இக்கொள்கையின் அடிப்படைகளைச் சோதனைக்குள்ளாக்கியது. முதலாவது, அறிவு பற்றியது. அன்று முற்பகல் கிழக்குக் கில்மோர்ப் பகுதியில் மூண்ட தீ வடமேற்குக் காற்றினால் உந்தப்பட்டு நீண்ட நாக்குப்போல் ஓடியது. அதன் தணற்பொறிகள் முப்பது கிலோமீற்றருக்கும் அப்பாற் சென்று புதிய தீக்களை மூட்டின. மாலையிற் காற்று தென்மேற்காகத் திரும்பவே, அதுவரை தீயின் விலாவாக இருந்த நெடும்பக்கம் முழுதும் அதன் முகமாயிற்று. வானம் தெளிவாயிருக்கக் கண்ட ஊர்கள் சிறிது நேரத்திலேயே தீயினுள் இருந்தன. நாள் கொடியதாயிருக்கும் என்னும் பொதுவான எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆனால், ‘உம்முடைய ஊருக்கு இப்போது வருகின்றது’ என்னும் செய்தி பலருக்கு உரிய வேளையிற் கிடைக்கவில்லை. பாலம் பழுதெனக் கேள்விப்பட்டிருத்தல் வேறு. காலடியில் அது முறிவதை அறிதல் வேறு.

இரண்டாவது, தீர்மானிப்போர் யார் என்பது பற்றியது. இத்துயரை ஆராய்ந்த அரச விசாரணை ஆணைக்குழு 2010 ஜூலையில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. இறந்த 173 பேருள் 113 பேர் வீடுகளுக்குள்ளே இறந்தனர். இறந்தோருள் நூற்றுக்கு 44 வீதத்தினர் பன்னிரண்டு வயதிற் குறைந்தோர், எழுபது வயதிற் கூடியோர், அல்லது நோயும் உடற்குறையும் உடையோர். மில்லின் பாலத்தில் நிற்பவன் முதிர்ந்த அறிவுடைய தனியன். சிறுவருக்குத் தம் கோட்பாடு பொருந்தாது என்பதை மில்லே கூறியுள்ளார். காட்டு வீட்டிலோ ஒருவன் ‘நிற்போம்’ என்று சொல்லும்போது அவன் மனைவியும் மக்களும் முதிய பெற்றோரும் அச்சொல்லினுள் அடங்கிவிடுகின்றனர். தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமையுண்டு என ஒப்புக்கொண்டாலும், பிறர் உயிரை அவர்தம் உடன்பாடின்றிப் பணயம் வைக்கும் உரிமை அதிலிருந்து பிறவாது.

மூன்றாவது, தீயை எதிர்கொள்வோர் பற்றியது. விக்டோரியாவின் நாட்டுப்புறங்களில் தீயணைக்கும் பணியைப் பெரிதும் செய்வோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். 1998 டிசம்பர் 2இல் லின்ரன் என்னுமிடத்தில், காற்றுத் திரும்பிய வேளையில் வாகனத்தோடு தீயில் அகப்பட்டு அத்தகைய தொண்டர் ஐவர் மாண்டனர். அழைத்தால் வருவர் என்னும் நம்பிக்கையின் மேலேயே காட்டு வாழ்வு நிலைபெற்றுள்ளது. வருவோனுக்கும் வீடும் மக்களும் உண்டு என்பதை மறந்தவிடத்து, அந்நம்பிக்கை தன்னலமாகத் திரிகின்றது. தீயின் மூலத்தை நோக்குமிடத்தும் இத்தொடர்பு புலனாகும். 2009இல் அந்நாளில் மூண்ட பெருந்தீக்கள் பதினொன்றுள் ஐந்து, மின்கம்பிகள் முதலான மின்சாதனங்களின் பழுதினால் விளைந்தவை என ஆணைக்குழு கண்டது. 119 உயிர்களைக் கொண்ட கிழக்குக் கில்மோர்த் தீயும் அவற்றுள் ஒன்று. தனிமையை நாடிக் காடு புகுந்தோனைத் தேடிக் கம்பிவழியே மின்சாரம் சென்றது. அக்கம்பியே தீயையுங் கொணர்ந்தது.

இவற்றை எடுத்துக்காட்டி, காட்டில் வாழ்வோரே தம் அழிவுக்குப் பொறுப்பாளர் என நகரத்தார் தீர்ப்புக் கூறுதல் எளிது. அது நீதியாகாது. காட்டோரத்தை நாடியோர் யாவரும் அழகை நாடிச் சென்றோர் அல்லர். நகரில் நிலமும் வாடகையும் எட்டாத உயரத்தை அடைந்தபோது, இருக்க இடந்தேடிச் சென்றோரும் அவர்களுள் உளர். வேறு வழியற்றவன் செய்வதைத் தெரிவு என அழைத்தல் சொல்லை மலிவாக்குவதாகும். அன்றியும், காடுகளை உலர்த்தும் வெம்மை இன்று இயற்கையின் செயல் மாத்திரமன்று. 2019-2020 வேனிலில் அவுஸ்திரேலியாவில் 24 மில்லியன் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் எரிந்தது; 33 பேர் தீயினால் நேரடியாக இறந்தனர். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வளிமண்டலத்தை வெப்பமாக்கியதில் காட்டுவாசியின் பங்கைவிட நகரின் பங்கு குறைந்ததன்று. மெல்பேர்ண் நகரத்தாரின் குடிநீரும் இம்மலைக்காடுகளின் நீரேந்து பகுதிகளிலிருந்தே பெரிதும் வருகின்றது. காட்டின் பயனை யாவரும் பெற, அதன் தீயை மட்டும் அங்கு வாழ்வோர் தலையிற் சுமத்துதல் அறமாகுமா?

இந்நிலையில், அந்நிலத்தின் ஆதிக்குடிகளின் வாழ்வு ஓர் ஒளியைத் தருகின்றது. ஐரோப்பியர் வருமுன்னர் பல்லாயிரம் ஆண்டுகளாக அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த அவர்கள் தீயைப் பகையாகக் கொள்ளவில்லை. புல்வெளியிலும் திறந்த காடுகளிலும் குளிர்ந்த பருவத்திற் சிறுதீ மூட்டி, பெருந்தீக்கு இரையாகக்கூடிய சருகைக் குறைத்தனர். பருவத்துக்கேற்ப இடம்பெயர்ந்தும் வாழ்ந்தனர். அவர்களை நிலத்தினின்றும் அகற்றிய குடியேற்றம் அந்த அறிவையும் அகற்றியது. பின்னர் வந்தோர் வேலியும் வீடும் உறுதிப்பத்திரமும் கொண்டு தம்மை ஓரிடத்திற் பிணித்துக்கொண்டனர். தீ முன்னரும் இருந்தது. அசையாத வீடு வந்தபின்னரே அது பேரழிவாயிற்று. பழைய வாழ்வுக்கு இன்று எவரும் முழுதாகத் திரும்புதல் இயலாதெனினும், அதன் உட்கருத்து ஏற்புடையது: நிலத்தின்மேல் உள்ள உரிமையும் அதைவிட்டு விலகியிருக்கும் வேளையை அறிதலும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

அரச ஆணைக்குழுவின் முடிவுகளும் இத்திசையையே காட்டுகின்றன. வலிந்து வெளியேற்றுவதை அது பரிந்துரைக்கவில்லை. நேரகாலத்தோடு நீங்குதலே மிகப் பாதுகாப்பானது என்பதை வலியுறுத்தியது. நலிந்தோருக்குத் தனியேற்பாடு, பொது ஒதுங்கிடம், பழைய மின்கம்பிகளின் மாற்றீடு என்பவற்றைக் கோரியது. ஆபத்து மிக்க இடங்களில் உள்ளோர் தாமாக விரும்பின் அவர்தம் நிலத்தை அரசு வாங்குதல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. தனிமனிதன் தெரிவு செய்யலாம். அத்தெரிவை மெய்யான தெரிவாக்கும் செலவைச் சமுதாயம் ஏற்றல் வேண்டும் என்பதே இவற்றின் பொருள்.

ஒருவன் தன் வீட்டை நேசித்தல் இயல்பு. கையால் நட்ட மரத்தையும், சுவரிலே பிள்ளையின் உயரத்தைக் குறித்த கோட்டையும் விட்டு, தீ வராமலே போகக்கூடிய ஒரு நாளிற் காலையிலேயே புறப்படுதல் எளிதன்று. பத்து முறை புறப்பட்டுப் பத்து முறையும் வீணே திரும்பியவனுக்குப் பதினோராவது முறை புறப்படுதல் இன்னும் அரிது. தீயின்முன் நிற்பதே வீரமென்று பேசப்படும் சமுதாயத்தில், வெறுமனே திரும்பிவரும் அந்தப் பயணங்களை எவரும் வீரமாக எண்ணுவதில்லை. ஆயினும் காட்டு வாழ்வின் அறம் அவற்றிலேயே பெரிதும் அடங்கியுள்ளது. பிள்ளையையும் முதியோரையும் தணலின் முன் நிறுத்தாமை, முன்பின் அறியாத தொண்டனைத் தன் பொருட்டுத் தீயினுள் அழையாமை, காட்டின் இயல்பைக் காட்டுக்கே விட்டுக்கொடுத்தல் ஆகிய மூன்றும் அந்த ஒரு செயலால் நிறைவேறுகின்றன. காட்டிலே தங்கும் உரிமை, நீங்கவேண்டிய நாளில் நீங்கத் தெரிந்தவனுக்கே முழுமையாக உரியது.