ஒப்புரவுக்குப் பிறகே ஈகை



திருவையாற்றுக்கு அருகே திங்களூர். அங்கே வாழ்ந்தவர் அப்பூதி அடிகள். திருநாவுக்கரசரை அவர் நேரில் கண்டதில்லை, பெருமையைக் காதால் கேட்டதோடு சரி. அதற்கே பெற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பெயர், வீட்டுப் பசுக்களுக்கு அந்தப் பெயர், அளக்கிற படிக்கும் அந்தப் பெயர். வழிப்போக்கர்களுக்காக அவர் வைத்த தண்ணீர்ப் பந்தலிலும் ‘திருநாவுக்கரசு’ என்றே எழுதியிருந்தது.

ஒருநாள் திருநாவுக்கரசரான அப்பர் பெருமானே அந்த வழியாக வருகிறார். நிழலும் குளிர்ந்த நீருமாக ஒரு பந்தல், அதில் தன் பெயர். விசாரித்துக்கொண்டு அப்பூதியின் வீட்டுக்கே போய், “இவ்வளவு நல்ல அறத்தைச் செய்கிறீர், உம்முடைய பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?” என்று கேட்கிறார். அப்பூதிக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்தப் பெருமானை வேறொருவர் என்கிறீரே, யார் ஐயா நீர்?” என்று சீறினார். வந்தவரே அப்பர் என்று தெரிந்ததும் காலில் விழுந்ததும், பாம்பு தீண்டிய அப்பூதியின் பிள்ளை உயிர் பெற்று எழுந்ததும் நீங்கள் அறிந்த கதை.

நான் அந்தப் பந்தலிலேயே கொஞ்சம் நின்றுகொள்கிறேன். கொடுத்தவர் பெயர் அங்கே இல்லை. குடித்தவர் பெயரை யாரும் கேட்கவில்லை. எவர் எந்த ஊர் என்று விசாரிக்காமல் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அறத்தில் இது மிக உயர்ந்த படி. நாம் ஏற வேண்டிய படியும் இதுதான்.

இந்த அரங்கில் ஆப்பிரிக்கக் கிராமங்களின் கிணறுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் நிதி திரட்டுகிறார்கள். “ஐயா, நீங்கள் நாலு வார்த்தை சொன்னால் உண்டியல் நிறையும்” என்றார்கள். சொல்கிறேன். ஆனால் உண்டியலை நிறைப்பதற்கு முன்னால், கொடுப்பது எப்படி என்று பேச அனுமதி வாங்கிக்கொண்டுதான் மேடை ஏறினேன்.

திருவள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய முறையைப் பாருங்கள். 22-வது அதிகாரம் ஒப்புரவறிதல். 23-வது அதிகாரம் ஈகை. முதலில் ஊரோடு ஒத்து வாழத் தெரிந்துகொள், பிறகு கொடுக்க வா என்று வரிசையிலேயே சொல்லிவிட்டார். ஒப்புரவாளனுடைய செல்வத்தை, ஊரார் எல்லாரும் நீர் எடுக்கிற ஊருணி நிறைந்ததற்கு அவர் ஒப்பிட்டது அந்த முதல் அதிகாரத்தில்தான். நாம் பல நேரம் 22-ஐப் புரட்டித் தள்ளிவிட்டு நேரே 23-க்குப் போய்விடுகிறோம். அப்படிப் போனால் என்ன ஆகும்? ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை.

தென்னாப்பிரிக்காவில் ‘பிளேபம்ப்’ என்று ஒரு கருவி வந்தது. பூங்காவில் குழந்தைகள் சுற்றுகிற ராட்டினம்தான். அதற்கு அடியில் பம்பு. குழந்தைகள் விளையாடச் சுற்றினால் பூமியிலிருந்து தண்ணீர் ஏறி மேலே உள்ள தொட்டிக்குப் போகும். பார்க்கிறவர் மனம் உருகிவிடும்! 2000-ல் உலக வங்கி பரிசு கொடுத்தது. 2006-ல் அமெரிக்காவில் பெரிய மேடை போட்டு 1 கோடியே 64 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார்கள். ஒரு ராட்டினத்துக்கு ஏறத்தாழ 14,000 டாலர். சாதாரண அடிபம்பு அதைவிட மிகக் குறைந்த விலைக்கே கிடைத்திருக்கும்.

பிறகு என்ன ஆயிற்று? குழந்தைகள் எப்போதும் விளையாடிக்கொண்டே இருப்பார்களா? பள்ளிக்குப் போக வேண்டும், பசிக்கும், அலுக்கும். அடுப்பில் உலை வைக்க வேண்டிய தாய்மார்கள் அந்த ராட்டினத்தைத் தள்ள வேண்டியதாயிற்று. வயதான பாட்டிகள் குனிந்து குனிந்து சுற்றினார்கள். சில ஊர்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய அடிபம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்திருந்தார்கள். 2009-ல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்று கணக்குப் போட்டுப் பார்த்தது. சொன்னபடி ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தர வேண்டுமானால், குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும்! பிரம்மா நாளை இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தால்தான் உண்டு.

கொடுத்தவர்கள் கெட்டவர்களா? இல்லை. நல்ல மனம், நிறையப் பணம், நல்ல மூளை, மூன்றும் இருந்தன. ஆனால் குடம் தூக்குகிற பெண்ணிடம், “அம்மா, உனக்கு இது சரிப்படுமா?” என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஈகை இருந்தது, ஒப்புரவு இல்லை. கீதையின் 17-வது அத்தியாயத்தில் கண்ணபிரான் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறார். சாத்விக தானத்துக்கு இடம், காலம், பெறுகிறவர் மூன்றையும் அறிந்து கொடுக்க வேண்டும் என்கிறார். பெறுகிறவரை அறிவது என்றால் அவர் ஏழையா என்று சோதிப்பதோடு முடிந்துவிடுகிறதா? அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும் அதில் அடக்கம்.

இப்போது ஒரு குழந்தையின் கதை. கனடாவில் ரையன் ஹ்ரெல்ஜாக் என்று ஒரு பையன். 1998-ல் அவனுக்கு 6 வயது. ஆப்பிரிக்காவில் பிள்ளைகள் தண்ணீருக்காக வெகுதூரம் நடக்கிறார்கள் என்று வகுப்பில் ஆசிரியை சொன்னார். 70 டாலரில் கிணறு வெட்டலாம் என்று இவன் புரிந்துகொண்டான். வீட்டில் கேட்டான். “சும்மா தரமாட்டோம், வேலை செய்து சம்பாதி” என்றார்கள். தரை துடைத்தான், சன்னல் துடைத்தான், மாதக்கணக்கில் சேர்த்து 70 டாலரை ஒரு தொண்டு நிறுவனத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான். அங்கே இருந்தவர்கள், “தம்பி, இந்தப் பணத்துக்கு அடிபம்பு மட்டும்தான் வரும், ஆழ்துளை போட 2,000 டாலர் ஆகும்” என்றார்கள். பெரியவர்களாக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்போம். அவன், “அப்படியானால் இன்னும் வேலை செய்கிறேன்” என்றான்.

1999-ல் வடக்கு உகாண்டாவில் அங்கோலோ தொடக்கப்பள்ளிக்குப் பக்கத்தில் அந்தக் கிணறு வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேண்டும் என்று கேட்டவன் அவன்தான். அதோடு முடிந்துவிட்டதா? அந்தப் பள்ளியில் படித்த ஜிம்மி அக்கானா என்ற பையனோடு கடிதம் எழுதிப் பழகினான். 2000-ல் பெற்றோரோடு அந்த ஊருக்கே போனான். பின்னாளில் போரில் சிக்கித் தப்பிய ஜிம்மி கனடா வந்தபோது, ரையனின் குடும்பமே அவனைத் தங்கள் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. ஈகையிலிருந்து தொடங்கி ஒப்புரவுக்கு வந்து சேர்ந்த குழந்தை அவன்.

கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் ஏன் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். வீட்டில் தண்ணீர் இல்லாத குடும்பங்களில், உலகளவில் பத்தில் ஏழு வீடுகளில் நீர் சுமப்பது பெண்கள்தான் என்று யூனிசெஃப் சொல்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் 20 லிட்டர் மஞ்சள் கேன்தான் குடம். 20 லிட்டர் என்றால் 20 கிலோ. காலையில் அதைச் சுமந்து வந்த பெண்பிள்ளை பள்ளிக்குப் போகும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். வயதுக்கு வந்த பிள்ளைக்குப் பள்ளியில் தண்ணீரும் கழிப்பறையும் இல்லை என்றால் மாதத்தில் சில நாள் வீட்டிலேயே நின்றுவிடுவாள். அப்புறம் ஒரேயடியாக நின்றுவிடுவாள்.

இன்னொன்றும் உண்டு. நரம்புச் சிலந்தி நோயைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அசுத்தமான குளத்து நீரைக் குடித்தால், ஏறக்குறைய ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் போட்டு நீளமான புழு வெளியே வரும். 1986-ல் உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு அது இருந்தது. இப்போது ஆண்டுக்கு இருபது பேருக்கும் குறைவு. எப்படி? அதற்குத் தடுப்பூசி கிடையாது, தீர்க்கிற மருந்தும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடி, புழு வெளிவருகிற காலோடு குளத்தில் இறங்காதே, இவ்வளவுதான் வைத்தியம். அதை ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் கார்ட்டர் மையம் என்ற அமைப்பு அந்த வேலையில் முன்னால் நின்றது. நம் நாட்டில் கடைசி நோயாளி 1996-ல். தண்ணீரும் கல்வியும் சேர்ந்து ஒரு நோயையே விரட்டிய கதை இது.

இன்னொருவர் கதையும் சொல்கிறேன். தென்சூடானில் சால்வா டூட் என்று ஒருவர். 1985-ல் 11 வயதுப் பையன். பள்ளியில் இருக்கும்போதே போர் வந்து, ஓட ஆரம்பித்தவர் எத்தியோப்பியா, கென்யா என்று நடந்து, அகதி முகாம்களில் வளர்ந்து, 1996-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பல ஆண்டு கழித்து, இறந்துவிட்டதாக நினைத்த தந்தை உயிரோடு இருப்பது தெரிந்து தேடிப் போனார். அசுத்த நீரால் வந்த நோயில் தந்தை மருத்துவமனையில் கிடந்தார். 2003-ல் சால்வா கிணறு வெட்டுவதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2005-ல் தந்தையின் ஊரிலேயே முதல் கிணறு. அவருடைய வாழ்க்கையை வைத்து லிண்டா சூ பார்க் 2010-ல் எழுதிய நாவலைப் படித்த அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் நிதி திரட்டி அனுப்புகிறார்கள். அவர் டிங்கா இனத்தவர். ஆனால் தண்ணீர் டிங்கா ஊருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. பகைத்துக்கொண்டிருந்த நூயர் ஊர்களுக்கும் போயிற்று. வாங்கியவர் கொடுக்கிறவரானார். அந்த ஊர்க்காரர் என்பதால் ஒப்புரவை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

“நம் ஊரிலேயே தாகம் இருக்கும்போது ஆப்பிரிக்கா எதற்கு ஐயா?” என்று முன்வரிசையில் ஒரு முகம் கேட்கிறது. நியாயமான கேள்விதான்.

1967-ல் வட இந்தியாவில் கடும் வறட்சி. பாறையைத் துளைக்கிற எந்திரங்களை யூனிசெஃப் விமானத்தில் கொண்டுவந்து இறக்கியது. நமக்கும் கடல் கடந்து உதவி வந்தது, மறந்துவிடக் கூடாது. ஊர் ஊராக ஆழ்துளை போட்டு அடிபம்பு வைத்தார்கள். சில ஆண்டு கழித்துப் பார்த்தால் பெரும்பாலான பம்புகள் ஓடவில்லை. காரணம், அவை மேல்நாட்டில் ஒரு பண்ணைக் குடும்பம் அடிப்பதற்காகச் செய்த வார்ப்பிரும்புப் பம்புகள். நம் ஊரில் விடியற்காலை முதல் இருட்டும்வரை நூற்றுக்கணக்கானவர்கள் அடித்தார்கள். தாங்குமா?

பிறகுதான் சோலாப்பூரில் உருவான உறுதியான எஃகுப் பம்பை அடிப்படையாக வைத்து ‘இந்தியா மார்க் 2’ வந்தது. அதைச் சோதித்துப் பார்த்த இடம் நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்கள். தயாரித்துக் கொடுத்தது சென்னைத் தொழிற்சாலை. நம் தெருமுனையில் நாம் அடித்து விளையாடிய அந்தப் பம்புதான் பின்னர் ஆப்பிரிக்கா போயிற்று. உகாண்டாவில் ‘யூ-2’ என்று அவர்கள் சொல்கிற பம்பு அதன் வழிவந்ததே. ஆகவே ஆப்பிரிக்கக் கிணறு நமக்கு அந்நியம் இல்லை. வாங்கிய கடனில் ஒரு பகுதியை நம் ஊர்த் தொழிலாளிகள் முன்பே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நாம் பட்ட பாட்டை அவர்களும் படுகிறார்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளின் அடிபம்புகளில் மூன்றில் ஒன்று ஓடாமல் கிடப்பதாக 2009-ல் வல்லுநர்கள் தொகுத்த கணக்கு சொல்லிற்று. பெரும்பாலும் பெரிய கோளாறு ஒன்றும் இருக்காது. வாஷர் தேய்ந்திருக்கும், கம்பி துருப்பிடித்திருக்கும். மாற்றுச் சாமான் விற்கிற கடை பல மைல் தள்ளி இருக்கும். பழுது பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கமாட்டார். ஊர்க் கமிட்டியில் பணம் சேர்ந்திருக்காது. கிணறு வெட்டிய அன்று ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டவர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ரிப்பன் வெட்டப் பத்துப் பேர் வருவார்கள், வாஷர் வாங்க ஒருவரும் வரமாட்டார்.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். கட்டடம் கட்டிவிடலாம், உள்ளே ஆசிரியர் வேண்டுமே? கென்யாவில் ப்வானி என்ற கிராமத்தில் கெரிகோ மேல்நிலைப் பள்ளி. பீட்டர் தபிச்சி அங்கே கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். பிரான்சிஸ்கன் சபைத் துறவி. பள்ளிக்கு ஒரே ஒரு கணினி. மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெற்றோரில் ஒருவரையாவது இழந்தவர்கள். அவர் தன் மாதச் சம்பளத்தில் 80 சதவீதத்தை ஏழைகளுக்கே கொடுத்தார். வார விடுமுறையில் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் அவர்கள் குடும்பத்தின் கஷ்டத்தைக் கேட்டார். வறட்சி தாங்கும் பயிர் வளர்க்க ஊராருக்குச் சொல்லிக் கொடுத்தார். 2019-ல் 10 லட்சம் டாலர் உலக ஆசிரியர் விருது அவரைத் தேடி வந்தது. விருது வராவிட்டாலும் அவர் அதையேதான் செய்துகொண்டிருந்திருப்பார்.

ஆகவே கொடுப்பதற்கு முன்னால், நிதி கேட்டு வருகிறவர்களிடம் கூச்சப்படாமல் நான்கு கேள்வி கேளுங்கள். கிணறு எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்தது யார்? பம்பு நின்றுபோனால் சரிசெய்ய அந்த ஊரில் ஆள் இருக்கிறாரா, சாமான் கிடைக்கிறதா? நீர்க் கமிட்டியில் தண்ணீர் சுமக்கிற பெண்கள் இருக்கிறார்களா? கட்டடம் முடிந்தபின் ஆசிரியர் சம்பளத்துக்கு வழி என்ன? பதில் சொல்கிறவர்கள் கையில் நம்பிக் கொடுக்கலாம். கோபித்துக்கொள்கிறவர்களிடம் ஒரு கும்பிடு போட்டு விலகிவிடுங்கள். இன்னொரு வேண்டுகோள்: மூக்கில் சளியும் கண்ணில் ஈயுமாக ஒரு குழந்தையின் படத்தைக் காட்டினால்தான் பையில் கை போகும் என்ற பழக்கத்தை விட்டுவிடுவோம். நம் வீட்டுக் குழந்தையை அப்படிப் படம் எடுக்க விடுவோமா?

ஒரே தடவை பெரிய தொகை கொடுத்துப் புண்ணியக் கணக்கை முடித்துக்கொள்ள வேண்டாம். பொங்கலுக்குப் பொங்கல் கொஞ்சம் கொடுங்கள். கொடுக்கும்போது, “போன வருஷம் வைத்த பம்பு ஓடுகிறதா? அந்தப் பிள்ளைகள் எந்த வகுப்புக்குப் போயிருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியோடு கொடுக்கிற பத்து ரூபாய், கேள்வி இல்லாமல் கொடுக்கிற ஆயிரத்தைவிட நீண்ட நாள் நிற்கும்.

எல்லாம் வல்ல இறைவன் கொடுக்கும் மனத்தையும், கேட்கும் பொறுமையையும் நமக்குச் சேர்த்தே அருளட்டும்.